ஊருக்குச் சொல்லாத பிரவுசர்

சார், தப்பா நெனைக்காதீங்க. நான் எட்டிப் பாக்கல. கண்ணு தானாப் போச்சு. இப்போ போன்ல முட்டிவலித் தைலம் தேடுனீங்கல்லா, அது எது வழியாத் தேடுனீங்க? போன் வாங்கும்போதே உள்ள இருந்த பிரவுசரா? போச்சு. நாளைக்கு உங்க தெருவுல பால்காரர் முதக்கொண்டு உங்க முகத்தைப் பாக்க மாட்டாங்க, முட்டியைத்தான் பாப்பாங்க.

சிரிக்காதீங்க சார். நான் பட்டிருக்கேன்.

மதுரைக்கா போறீங்க? நான் கோவில்பட்டியில எறங்கிருவேன். இப்போதான் கங்கைகொண்டானைத் தாண்டுது, நேரம் கிடக்கு. எம் பேரு சீனிராஜ். நூல் மில்லுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். ஸ்பின்னிங்ல இருந்தேன். அங்க மிஷின் ஓடுத சத்தம் இருக்கே, பக்கத்துல நிக்கவன்கிட்ட 'தீப்பெட்டி குடு'ன்னு கேக்கணும்னாக்கூட அவன் காதுக்குள்ள வாயை வச்சுக் கத்தணும். அப்பிடி ஒரு ஆயுசு போச்சு. வெளிய வந்த பெறவு பாத்தா ஊர்ல எல்லாரும் ரகசியம் பேசுத மாதிரியே இருக்கு. யாரு என்ன சொன்னாலும் ரெண்டு தடவை கேக்க வேண்டியிருக்கு. சனங்களுக்குத் தொண்டையில தெம்பில்லாமப் போச்சு, என்ன செய்ய. நானும் அவங்களுக்கு ஏத்த மாதிரி மெதுவாத்தான் பேசுதது. பாருங்க, இப்போகூட நமக்குள்ளதான பேசிக்கிடுதோம்.

என் வீட்டுக்காரி காலமாயி ஆறு வருசம் இருக்கும். ஒரே பொண்ணு, அருணா, ஓசூர்ல கட்டிக்குடுத்திருக்கேன். நான் காம்பவுண்டு வீட்டுல தனியா இருக்கேன். உங்களுக்குக் காம்பவுண்டு தெரியும்லா? ஒரே வாசல், உள்ள ரெண்டு வரிசையா வீடு, நடுவுல பொதுக் குழாய். எங்க வீடுக நல்ல காத்தோட்டம். வீட்டுக்கு வீடு ஒரே நடுச்சுவருதான், அதுவும் ஓடு வரைக்கும் போகாது. மேல ஒரு முழம் தெறந்து கிடக்கும். பழைய காலத்துக் கட்டு. வெயில் காலத்துக்கு அருமையா இருக்கும்.

அருணா போன தீபாவளிக்கு வந்தப்போ இந்த டச் போனை வாங்கிக் குடுத்துட்டுப் போனா. எனக்கு வெரலு தடி. ஒரு எழுத்தைத் தொட்டா மூணு எழுத்து விழும். அதனால அவ ஒரு வழி சொல்லிக் குடுத்தா. 'அப்பா, இந்த மைக் படத்தை அமுக்கிட்டு வேணுங்கதைப் பேசுங்க, அதுவே தேடிரும்.' நல்ல ஏற்பாடு. நான் பேசுவேன், அது பதில் சொல்லும். தனியா இருக்க வீட்டுல அதுவும் ஒரு தொணை மாதிரிதான்.

மொத தடவை நடந்தது என்னன்னா, எனக்கு உக்காருத எடத்துல ஒரு சங்கடம். வெளிய சொல்லுத மாதிரி இல்ல. உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன், காதைக் குடுங்க. மூலம் சார், மூலம். ரத்த மூலம்.

அந்த முன் சீட்டு அம்மா ஏன் இப்பிடித் திரும்பிப் பாக்காங்க? போன்ல ஏதும் தமாஸ் பாக்காங்க போல, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்காங்க. பாக்கட்டும்.

டாக்டர்கிட்டப் போகக் கூச்சம். சாயங்காலம் கதவைச் சாத்திட்டு, பிரவுசரைத் தொறந்து, மைக்கை அமுக்கி, 'ரத்த மூலத்துக்கு வீட்டு வைத்தியம் என்ன'ன்னு கேட்டேன். அது ஏதேதோ சொல்லிச்சு. அதோட விட்டேன். மறுநாக் காலையில குழாயடிக்குப் போறேன், எதுத்த வீட்டு சுப்புத்தாய் ஒரு கட்டு துத்திக் கீரையை என் வாளிக்குள்ள போடுதா. 'வெங்காயம் போட்டு வதக்கிச் சாப்பிடுங்க அண்ணாச்சி, மூணே நாளுல கேக்கும்'ங்கா. அவ புருசன் பேச்சிமுத்து ஆட்டோ ஓட்டுதவன். அவன் என்ன செஞ்சான் தெரியுமா? ஆட்டோ பின் சீட்டுல ஒரு தலகாணியைப் போட்டு, 'ஏறுங்க அண்ணாச்சி, மார்க்கெட்டுக்குத்தான போறீக'ங்கான்.

நான் யாருகிட்டயும் மூச்சு விடல சார். போன்கிட்டச் சொன்னேன். அப்போ சொன்னது யாரு?

நேரா ஜெபமணி கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு எதுக்க செல்போன் கடை வச்சிருக்கான். நல்ல பையன்... பையன் என்ன, ரெண்டு புள்ளைக்குத் தகப்பன். விசயத்தைச் சொன்னேன். கடையில நாலஞ்சு பேரு நின்னாங்க, அதனால குனிஞ்சு ரகசியமாத்தான் சொன்னேன். அதுல ஒருத்தரு சோலியை விட்டுட்டு வெளிய போயி நின்னுக்கிட்டாரு, பாவம், நாகரிகம் தெரிஞ்சவரு. ஜெபமணி என் போனை வாங்கிப் பாத்தான். தொறந்த பக்கமெல்லாம் மூலத்துக்கு மருந்து விளம்பரம். 'நீங்க தேடுதது எல்லாம் இதுல பதிஞ்சுரும் அண்ணாச்சி'ன்னான். 'நீங்க எங்கெங்க போறீகளோ அங்கல்லாம் பொரியைச் சிந்திக்கிட்டே போற மாதிரி. பின்னாடியே ஒருத்தன் அதைப் பாத்துக்கிட்டே வந்துருவான்.'

'ஏண்டே, இது இலவசம்னுதான சொன்னீங்க?'ன்னேன்.

'இலவசம்னாலே அப்பிடித்தான்'ன்னான்.

அது எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சுது. சித்திரை வெயில்ல கட்சிக்காரன் தண்ணிப்பந்தல் வைக்கான்லா. தண்ணி இலவசம்தான். ஆனா வச்சவன் படம் பானையை விடப் பெருசா இருக்கும். குடிச்சவன் ஓட்டு அவன் கணக்குல இருக்கும். அதே கதைதான்.

'அப்போ எதையும் வெளிய சொல்லாத ஒரு பிரவுசரு இருந்தாப் போடு'ன்னேன். அவன் ஆமைப் படம் போட்ட ஒண்ணைப் போட்டுக் குடுத்தான். ஒண்ணையும் பதியாதாம், விளம்பரம் வராதாம், நெட்டும் கம்மியா இழுக்குமாம். காசும் கிடையாது. எனக்கும் அந்த ஆமை புடிச்சிருந்துச்சு. ஆமை ஓட்டுக்குள்ள தலையை இழுத்துக்கிட்டா யாருக்கு என்ன தெரியும்.

இப்போ பக்கத்து வீட்டைச் சொல்லணும். எனக்கு எடது பக்கத்து வீடு சண்முகக்கனி டீச்சர். சின்னப் புள்ளைக பள்ளிக்கூடத்துல வேலை. தம்பிகளைப் படிக்க வைக்கேன், கட்டி வைக்கேன்னு கல்யாணம் பண்ணாமலே இருந்துட்டாங்க. வயசு அம்பதைத் தாண்டிருச்சு. அதிகம் பேச மாட்டாங்க. காம்பவுண்டுல நண்டு சிண்டு எல்லாம் என்னை அண்ணாச்சிம்பாங்க, டீச்சர் மட்டும் அப்பிடிக் கூப்பிட்டதே இல்ல. 'இந்தாங்க', 'கேட்டீங்களா', அவ்வளவுதான். படிச்சவங்க பழக்கம் போலன்னு நானும் விட்டுட்டேன்.

சமையல்ல எனக்கு ரசம் மட்டும் வரவே வராது. வச்சா ஒரே கசப்பு. ஒரு நாயித்துக்கெழமை ஆமையைத் தொறந்து, 'ரசம் ஏன் கசக்குது'ன்னு கேட்டேன். ஆமை யோசிச்சுக்கிட்டே இருந்துச்சு, ஆமைதான. அது பதில் சொல்லுததுக்குள்ள வாசல்ல டீச்சர் நிக்காங்க. கையில தூக்குச்சட்டி. 'வெந்தயம் கருகிட்டா கசக்கும். இன்னைக்கு இதை ஊத்திக்கிடுங்க'ன்னு வச்சுட்டுப் போயிட்டாங்க.

என்ன ரசம் தெரியுமா சார். தட்டுல ஊத்திக் குடிச்சேன். குடிச்சு முடிச்ச பெறவுதான் கோவம் வந்துச்சு. ஆமையும் சொல்லிருச்சே. அதுவும் வேற யாருகிட்டயும் இல்ல, மானத்தை வாங்குத மாதிரி டீச்சர்கிட்டயா போயிச் சொல்லணும்?

இருந்தாலும் அதை உடனே எடுக்கல. இன்னும் ஒண்ணு ரெண்டு தடவை சோதிச்சுப் பாப்போம்னு, 'கூட்டு ஏன் கொழகொழன்னு இருக்கு', 'வத்தக்கொழம்புல எண்ணெய் பிரியலையே'ன்னு கேட்டேன். ஒவ்வொரு தடவையும் தூக்குச்சட்டி வந்துச்சு. அந்த மாசம் எனக்கு உடம்புல ஒரு சுத்துப் போட்டுருச்சு. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்லா. ஜெபமணிகிட்டப் போனேன். 'ஆமை சரியில்லடே, ஓட்டை.' அவன் தலையைச் சொறிஞ்சான். 'ஆமைகிட்ட நீங்க எப்பிடி அண்ணாச்சி கேக்கீக? எங்கிட்டப் பேசுத மாதிரியேவா?'ன்னான். 'பின்ன, பாட்டாவா பாடுவேன்'னேன். ஏதோ சொல்ல வந்தான். பெறவு என் முகத்தைப் பாத்துட்டு விட்டுட்டான். வேற ஒண்ணு போட்டான். பூட்டுப் படம். அதைத் தொறக்கணும்னாலே என் வெரலு ரேகை வேணும். அடுத்தவன் தொட்டாத் தொறக்காது.

இதுதான்டே எனக்குத் தேவைன்னேன்.

அந்தப் பூட்டுகிட்ட நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. 'தலைக்கும் மீசைக்கும் ஒரே சாயம் அடிக்கலாமா.' ஏன் கேட்டேன்னு கேக்காதீங்க. கண்ணாடியில பாத்தப்போ ஒரு இது, அவ்வளவுதான். மறுநாள் பேச்சிமுத்து ஆட்டோவைத் தொடச்சுக்கிட்டே, என்னைப் பாக்காத மாதிரி, 'கறுப்புன்னா எல்லாருக்கும் அடிச்சிரலாம். அண்ணாச்சி கலருக்குப் பிரவுன்தான் எடுப்பா இருக்கும்'ங்கான். யாருகிட்டச் சொல்லுதான்? வண்டிகிட்டச் சொல்லுதான். சுப்புத்தாய் உள்ள இருந்து சிரிக்கா. டீச்சர் வீட்டுக் கதவு பாதி தொறந்து கிடந்துச்சு. அவங்க சிரிச்சாங்களான்னு தெரியல. எனக்குத்தான் யாரு சிரிச்சாலும் சரியாக் கேக்காதே.

அன்னைக்கு மீசைக்குச் சாயம் அடிக்கல. கோவத்துல ஷேவே பண்ணல.

டிக்கெட் அப்பவே எடுத்தாச்சு கண்டக்டர். என்னது? பெறவு என்ன ஆச்சா? சரி, கேளுங்க, நீங்களும் போன் வச்சிருப்பீங்கல்லா. கண்டக்டருக்கும் நல்ல காது சார், அம்புட்டுத் தூரத்துல நின்னு கேட்டிருக்காரு.

பங்குனி கடைசி இருக்கும். குழாயடியில சுப்புத்தாய் ஒரு சேதி சொன்னா. டீச்சர் வேலை பாக்குத பள்ளிக்கூடத்தை இந்த வருசத்தோட மூடுதாங்களாம். புள்ளைக வரத்து இல்ல. டீச்சரோட தம்பி அம்பாசமுத்திரத்துல இருக்காரு. 'இனி தனியா அங்க எதுக்கு, இங்க வந்து பின் ரூம்புல இருந்துக்கோ, புள்ளைகளையும் பாத்துக்கிடலாம்'னு சொல்லிட்டாராம். டீச்சர் வீட்டைக் காலி பண்ணப்போறதா ஓனர்கிட்டச் சொல்லியாச்சாம்.

நான் வாளியைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். பாதி வாளிதான் நெறஞ்சிருந்துச்சு.

சார், ஒண்ணு சொல்லுதேன். எனக்குக் காம்பவுண்டுல ஒரு சத்தமும் சரியா எட்டாது. பட்சிச் சத்தம் கேட்டு வருசக்கணக்காச்சு. ஆனா டீச்சர் வீட்டு அம்மி மட்டும் எனக்குத் தெரியும். மிக்ஸி வச்சுக்கிட மாட்டாங்க, துவையல் அம்மியிலதான் அரைப்பாங்க. அந்த அம்மி நடுச்சுவத்தை ஒட்டிக் கிடக்கு. நான் காலையில சுவத்துல சாஞ்சு உக்காந்து காப்பி குடிப்பேன். அம்மி ஓடும்போது முதுகுல தெரியும். கரகரன்னு, வண்டி ஓடுத மாதிரி. சரி, அந்தப் பக்கமும் ஒரு ஆளு எந்திரிச்சாச்சுன்னு நானும் எந்திரிப்பேன். அது ஒரு பழக்கம். வேற ஒண்ணும் இல்ல. இனிமே அந்தச் சுவரு சும்மா கிடக்கும்னு நெனச்சப்போ காப்பி எறங்கல.

இதை யாருகிட்டக் கேக்க? பொண்ணுகிட்டக் கேக்க முடியுமா? கட்டிக்குடுத்த பொண்ணு, மாமியா வீட்டுல இருக்கா. 'அப்பாவுக்கு இப்போ என்ன வந்துச்சு'ன்னு அங்க பேச்சு வராதா? பேச்சிமுத்துகிட்டக் கேட்டா மதியத்துக்குள்ள ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கத் தெரியும். போன்கிட்டத்தான் கேக்கணும். போனும் இப்பிடி இருக்கு.

ஜெபமணிகிட்டப் போயி, 'இது கடைசித் தடவை. உசுரே போற விசயம். ஒருத்தருக்கும் சொல்லாத பிரவுசரு இருந்தாக் குடு, இல்லன்னா போனை வாங்கிக்கிட்டு ஒரு சோத்துச் சட்டியைக் குடு'ன்னேன். அவன் ஆந்தைப் படம் போட்ட ஒண்ணை எறக்குனான். 'இதுவும் ஃப்ரீதான். மூடுனதும் எல்லாத்தையும் தானே அழிச்சிரும். இதுக்கு மேல உலகத்துலயே கிடையாது'ன்னான். அப்புறம், 'எழுதிக் கேளுங்க அண்ணாச்சி, பேசிக் கேக்காண்டாம்'னான். என் வெரலைக் காட்டுனேன். பெருமூச்சு விட்டான். 'அப்போ கர்த்தர் விட்ட வழி'ன்னான்.

மத்தியானம். சாப்பாட்டு நேரம். எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க, தோதான நேரம்னு நான் நெனச்சேன். சித்திரை பொறந்துருச்சு, லீவு விட்டாச்சுங்கது எனக்குத் தோணல. கதவைப் பூட்டுனேன். ஜன்னலை அடைச்சேன். அது போதாதுன்னு கம்பளியை எடுத்துத் தலையோட போத்திக்கிட்டேன். கோவில்பட்டி சித்திரையில கம்பளி. உள்ள உக்காந்து, ஆந்தையைத் தொறந்து, மைக்கை அமுக்குனேன்.

'ரிட்டயர் ஆன பெறவு கல்யாணம் பண்ணலாமா.'

அது, 'மன்னிக்கவும், சரியாகக் கேட்கவில்லை, மீண்டும் சொல்லவும்'னுச்சு. கம்பளிக்குள்ள அதுக்கு மூச்சு முட்டியிருக்கும் போல. திரும்பச் சொன்னேன், கொஞ்சம் அழுத்தமா. இப்போ கேட்டுருச்சு. கலெக்டர் ஆபீஸ் கல்யாண உதவித் திட்டம், ஜோசியம், என்னென்னமோ காட்டிச்சு. எனக்குச் சப்புன்னு ஆயிருச்சு. என் கேள்வி அது இல்லையே. எத்தனையோ பேரு பண்ணுதான், பண்ணலாம்னு எனக்கும் தெரியும். அதனால வெவரமாக் கேட்டேன்.

'பக்கத்து வீட்டு டீச்சர் அம்பாசமுத்திரம் போறாங்க. போகாண்டாம்னு எப்பிடிச் சொல்லுதது.'

'மன்னிக்கவும், மீண்டும் சொல்லவும்.'

சொன்னேன்.

'மன்னிக்கவும்.'

எனக்கு வேர்த்து ஊத்துது. மில்லுல மிஷினு நூலை அறுத்துக்கிட்டே இருந்தா வர்ற கோவம் வந்துருச்சு. கம்பளியைக் கொஞ்சம் வெலக்கி, வாயைப் பக்கத்துல வச்சு, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திச் சொன்னேன். 'சண்முகக்கனி டீச்சர். போகாண்டாம். எனக்கு அவங்களைப் புடிச்சிருக்கு. எப்பிடிக் கேக்குதது.'

அப்போ கவனிச்சேன் சார், காம்பவுண்டே அமைதியா இருந்துச்சு. ஒரு வீட்டுலயும் டிவி ஓடல. குழாய்ல தண்ணி விழல. எனக்குக்கூடத் தெரியுத அளவுக்கு அமைதி. நல்லவேளை ஒருத்தரும் இல்லன்னு நெனச்சேன். ஆந்தை சுத்திக்கிட்டே இருந்துச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு. அது வாயைத் தெறக்குததுக்குள்ள கதவைத் தட்டுத சத்தம். கதவு அதிருததுல தெரிஞ்சுது.

தலையில கம்பளியோட போயித் தொறந்தேன். டீச்சர் நிக்காங்க. கையில தூக்குச்சட்டி இல்ல. கையெல்லாம் தேங்காய்த் துருவலு, அப்பிடியே எந்திரிச்சு வந்திருக்காங்க.

'அதுகிட்ட இத்தனை தடவை கேட்டாச்சு'ன்னாங்க. 'எங்கிட்ட ஒரு தடவை கேக்கக் கூடாதா?'

மில்லுல ஸ்ட்ரைக் நடந்தப்போ போலீசு முன்னால நின்னு பேசுனவன் நான். அன்னைக்கு என்ன கேட்டேன் தெரியுமா? 'உங்களுக்கு யாரு சொன்னது'ன்னு கேட்டேன்.

டீச்சர் என் கையில இருந்த போனைப் பாத்தாங்க. அந்த ஆந்தையைப் பாத்தாங்க. உதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க. பெறவு, 'இதுதான் சொல்லுச்சு'ன்னாங்க.

பாத்தீங்களா. அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க.

அப்புறம் கேட்டேன். எப்பிடிக் கேட்டேன்னு உங்ககிட்டச் சொல்ல முடியாது, அது எங்களுக்குள்ள. ரொம்ப மெதுவாத்தான் கேட்டேன். நான் கேட்டு முடிச்சதும் எதுத்த வீட்டுல சுப்புத்தாய் குலவை போட்டா. எதுக்குப் போட்டான்னு தெரியல. அவங்க வீட்டுல ஏதோ நல்ல காரியம் போலன்னு நெனச்சேன். டீச்சர் சேலை முந்தியால முகத்தைத் தொடச்சுக்கிட்டு, 'தம்பிகிட்ட நான் பேசிருதேன். நீங்க மொதல்ல அந்தக் கம்பளியை எடுங்க'ன்னாங்க.

இனி பொண்ணுகிட்டச் சொல்லணும். எப்பிடிச் சொல்லலாம்னு நான் சாயங்காலம் வரைக்கும் யோசிச்சு முடிக்கல, ஓசூர்ல இருந்து போன். 'அப்பா, நெசமா?'ங்கா. ஆந்தை அங்க வரைக்கும் பறந்திருக்கு சார். சுப்புத்தாய் நம்பர் எம் பொண்ணுகிட்ட இருக்கு, என் பொண்ணு நம்பர் அவகிட்ட இருக்கு, அது வேற விசயம்.

அருணா கோவப்படல. ஆனா குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. 'எங்கிட்ட ஏம்ப்பா கேக்கல? போன்கிட்டக் கேப்பீங்க, எங்கிட்டக் கேக்க மாட்டீங்களா'ன்னா. 'உனக்குச் சங்கடமா இருக்கும்னு நெனச்சேன்மா'ன்னேன். 'நீங்க ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு நான் தெனமும் கேக்கேன்ல, ஒரு நாளாவது நெசத்தைச் சொல்லியிருக்கீங்களா. எல்லாம் டீச்சர் குடுத்ததுன்னு இப்பதான தெரியுது'ன்னா. அழுதாளா சிரிச்சாளான்னு எனக்கு மட்டுப்படல. அந்த வாரமே பஸ் ஏறி வந்துட்டா.

வந்தவ நேரா என்கிட்டப் பேசாம டீச்சர் வீட்டுக்குள்ள போயிட்டா. ரொம்ப நேரம். நான் வாசல்ல நின்னுக்கிட்டு, செருப்பைத் தொடச்சுத் தொடச்சு வச்சேன். வெளிய வந்தப்போ ரெண்டு பேரு கண்ணும் செவந்திருந்துச்சு. ஆனா அருணா கையில துவையல் கிண்ணம் இருந்துச்சு. சரி, காரியம் நல்லபடியாத்தான் முடிஞ்சிருக்குன்னு எனக்கு அந்தக் கிண்ணத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுது.

மத்தியானச் சாப்பாட்டுல என் போன் கதையை மொதல்ல இருந்து அருணாகிட்டச் சொன்னேன். மூலம், ஆமை, பூட்டு, ஆந்தை எல்லாம். 'இதுல எது நல்லதுன்னு நீயே பாத்துச் சொல்லு, படிச்சவ'ன்னேன். அவ சாப்பிடுததை நிறுத்திட்டு நடுச்சுவத்தைப் பாத்தா. மேல இருக்க அந்த ஒரு முழத்தைப் பாத்தா. என்னைப் பாத்தா. 'அப்பா, தப்பு போன்ல இல்லப்பா, நீங்க...'ன்னு ஆரம்பிச்சா. டீச்சர் சட்டுன்னு அவ கையைப் புடிச்சு, 'அருணா, கொஞ்சம் உள்ள வா'ன்னு அடுக்களைக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்குச் சரியாக் கேக்கல. 'சொல்லிராத'ங்கது மட்டும் காதுல விழுந்துச்சு. 'அப்புறம் மெதுவாப் பேச ஆரம்பிச்சிட்டா எனக்கு என்ன தெரியும்'னு என்னமோ. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு மட்டும் நல்லாவே கேட்டுச்சு. என்னன்னு கேட்டேன். மோருக்கு உப்பு காணாதுன்னாங்க. மோருக்கு உப்பு பத்தலன்னா அதுல சிரிக்க என்ன இருக்கு.

வந்து உக்காந்த அருணா, 'ஆந்தையே இருக்கட்டும்ப்பா. நல்ல பிரவுசர்'ன்னுட்டா.

வைகாசியில ரெஜிஸ்டர் ஆபீஸ்ல முடிஞ்சுது. அம்பாசமுத்திரத்துத் தம்பி மொறைச்சுக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டாரு, ஆனா போட்டாரு. ஜெபமணி சாட்சி. அவனுக்கு இதுல என்ன அம்புட்டுச் சந்தோசம்னு தெரியல, கடையையே அடைச்சுட்டு வந்திருந்தான். பேச்சிமுத்து ஆட்டோவுக்கு வாழைக்கன்னு கட்டியிருந்தான். நடுச்சுவத்துல ஓனர்கிட்டக் கேட்டு ஒரு கதவு எடுத்துருக்கோம். ரெண்டு வீடும் இப்போ ஒண்ணு. காலையில நான் இன்னும் அதே எடத்துலதான் சாஞ்சு காப்பி குடிக்கேன்.

அந்தா கயத்தாறு வந்துருச்சு. இதை மட்டும் சொல்லி முடிச்சுருதேன்.

கல்யாணத்துக்கு முந்துன வாரம். என் மொத வீட்டுக்காரி, அருணா அம்மா, ராமலெச்சுமி, அவ படம் முன் ரூம்புல மாட்டியிருக்கேன். மாலை போட்ட படம். அதை என்ன செய்யங்கது எனக்கு நெஞ்சுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. எடுத்தா ராமலெச்சுமிக்குத் துரோகம் பண்ணுத மாதிரி. அப்பிடியே விட்டா வாரவங்க மனசு என்ன பாடுபடும். டீச்சர்கிட்டக் கேக்கவும் முடியாது, கேட்டா 'இருக்கட்டும்'னுதான் சொல்லுவாங்க, அது மனசுல இருந்து வருதா வாயில இருந்து வருதான்னு எனக்கு எப்பிடித் தெரியும். நானும் கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஒரு நாச் சாயங்காலம் தாங்கல. ஆந்தையைத் தொறந்து, 'செத்துப்போன பொண்டாட்டி படத்தைப் புது வீட்டுக்காரி வாரதுக்கு முன்னாடி எடுத்துரணுமா'ன்னு கேட்டேன். ஆந்தை ஒண்ணும் உருப்படியாச் சொல்லல. வாஸ்து படி தெக்குப் பக்கம் மாட்டணும்னு ஒருத்தன், மாட்டவே கூடாதுன்னு ஒருத்தன். மூடி வச்சுட்டு, வீட்டைப் பூட்டாம, தலைவலின்னு டீக்கடைக்குப் போயிட்டேன்.

திரும்பி வந்து பாக்கேன், முன் ரூம்பு ஆணியில படம் இல்ல. உள்ள போனா, நடு ரூம்புல, வெளிச்சம் விழுத எடத்துல, புது ஆணி அடிச்சு மாட்டியிருக்கு. கண்ணாடியைத் துணியால தொடச்சிருக்கு. பிளாஸ்டிக் மாலையைக் கழத்திட்டு, ஒரு முழம் பிச்சிப்பூ போட்டிருக்கு. ராமலெச்சுமி மூக்குத்தி பளிச்சுன்னு தெரியுது, ஆறு வருசமாத் தூசியில தெரியாம இருந்த மூக்குத்தி.

பக்கத்து வீட்டுல அம்மி ஓடுது. சுவத்துல கை வச்சுப் பாத்தேன், ஓடுது.

நான் ஒண்ணும் கேக்கல சார். அதுவரைக்கும் எது வெளிய போனாலும் ஜெபமணி கடைக்கு ஓடுனவன், அன்னைக்கு ஓடல. ஆந்தைதான் போயிச் சொல்லியிருக்கும். சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.